பாலையா கதை கேட்ட முகம்: சினிமா கேள்வி பதில்

கடந்த சில வாரங்களாக வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சினிமாக் கேள்விகள். அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இந்த முறை முழுக்க சினிமாவுக்கே ஒதுக்கிவிட்டேன். கேமரா கோணம், படத்தொகுப்பு என்று பாடம் எடுக்க எனக்குத் தெரியாது. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, படம் பிடித்துப்போனால் பஸ் ஸ்டாப் வரை அதையே பேசிக்கொண்டு நடக்கிற ரசிகன் நான், அந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எத்தனை முறை பார்த்தாலும் உங்களுக்குச் சிரிப்பு வருகிற காட்சி எது? (வாசகர், கும்பகோணம்)

யோசிக்கவே வேண்டாம். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி. 'ஓகோ புரொடக்‌ஷன்ஸ்' என்று தானே ஒரு கம்பெனி ஆரம்பித்துவிட்டு, படம் எடுக்க அப்பாவிடம் பணம் கறக்கப் பார்க்கிற மகன் செல்லப்பாவாக நாகேஷ். காசில் கறாரான எஸ்டேட் முதலாளி அப்பா விஸ்வநாதனாக பாலையா. எல்லோரும் நாகேஷைத்தான் சொல்வார்கள், அதுவும் நியாயம்தான், வாயாலேயே சத்தங்களை எழுப்பி, உடம்பை வளைத்து நெளித்துக் கிட்டே வந்து மிரட்டுவார். ஆனால் அடுத்த முறை அந்தக் காட்சி டிவியில் ஓடும்போது நாகேஷைப் பார்க்காதீர்கள். பாலையாவை மட்டும் பாருங்கள். சாதாரணமாகத்தான் கேட்க ஆரம்பிக்கிறார். அப்புறம் கண் விரிகிறது, உதடு கோணுகிறது, கழுத்து தோளுக்குள் போகிறது, ஒரு கட்டத்தில் அத்தனை பெரிய மனுஷன் பாட்டி மடியில் கதை கேட்கிற பிள்ளை மாதிரி ஒடுங்கிப் போகிறார். வசனம் என்று பார்த்தால் அந்தக் காட்சியில் அவருக்கு அதிகம் கிடையாது. கேட்பதுதான் அவர் வேலை. அவர் நிஜமாகவே பயப்படுவதால்தான் நாம் அப்படிச் சிரிக்கிறோம், அவரும் சேர்ந்து சேட்டை பண்ணியிருந்தால் அந்தக் காட்சி இரண்டு நாளில் மறந்து போயிருக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சிரிப்புப் படமோ, பேய்ப் படமோ, சண்டைப் படமோ, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைத்தான் கவனிப்பேன். பேசுகிறவருக்கு வசனம் கை கொடுக்கும். கேட்கிறவருக்கு முகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அந்த முகம் சரியாக அமைந்த படம் என்னை ஏமாற்றியதே இல்லை.

கேள்வி: நான் ஓடிடியில் எல்லாப் படத்தையும் 1.5 வேகத்தில்தான் பார்க்கிறேன். 3 மணி நேரப் படம் 2 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, கதையும் புரிகிறது. அம்மா திட்டுகிறார். இதில் என்ன தப்பு? (கல்லூரி மாணவி, கோவை)

தப்பு ஒன்றும் இல்லைம்மா, ஆனால் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கதை புரிகிறது என்கிறாய், புரியத்தான் செய்யும். கதையைத் தெரிந்துகொள்வதற்கு 2 மணி நேரம்கூட எதற்கு, பக்கத்து சீட் தோழியிடம் கேட்டால் 5 நிமிடத்தில் சொல்லிவிடுவாள். வேகத்தைக் கூட்டினால் முதலில் அடிபடுவது இரண்டு வசனங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி. நான் மேலே சொன்னேனே, கேட்கிறவர் முகம், அது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

1978-ல் வந்த 'முள்ளும் மலரும்' பார்த்திருக்கிறாயா? மகேந்திரனின் முதல் படம், ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. மலையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற விஞ்ச் வண்டியை இயக்கும் காளியாக ரஜினி, தங்கை வள்ளியாக ஷோபா. விபத்தில் கையை இழந்த அண்ணனின் சட்டைக் கை வெறுமையாகத் தொங்குவதைத் தங்கை தெரிந்துகொள்கிற இடம் ஒன்று வரும். 'ஐயோ அண்ணா' என்று யாரும் கதறுவதில்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்று அதை எடுத்தவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள், நாம் அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் அந்த அண்ணன் தங்கையோடு இருக்க வேண்டிய நேரத்தில் எழுந்து வெளியே போன மாதிரி. ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஒரு படத்தை மட்டும் இயல்பான வேகத்தில், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பார். அப்புறமும் 1.5 தான் வசதி என்றால் அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

கேள்வி: குடும்பத்தோடு பார்க்க ஒரு நல்ல பேய்ப் படம் சொல்லுங்கள். ரத்தம் கொட்டக் கூடாது, ஆனால் பயமாக இருக்க வேண்டும். (இல்லத்தரசி, திருச்சி)

'யாவரும் நலம்', 2009. விக்ரம் குமார் இயக்கம், மாதவன் நடித்தது, ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். கடன் வாங்கிப் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடி போகிற கூட்டுக் குடும்பம். வீட்டுப் பெண்கள் தினமும் மதியம் ஒரு மணிக்கு ஒரு சீரியல் பார்க்கிறார்கள், அந்த சீரியலில் நடப்பதெல்லாம் இந்த வீட்டிலும் நடக்கிறது என்பதை மாதவன் ஒருவர் மட்டும் கவனிக்கிறார். அவ்வளவுதான் விஷயம்! பாழடைந்த பங்களா கிடையாது, தலைவிரி கோலத்தில் யாரும் பாய்ந்து வருவது கிடையாது. பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. பால் திரிகிறது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிற லிஃப்ட், மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. இதெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதானே, அதனால்தான் படம் முடிந்த பிறகும் பயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நான் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி டிவி ஸ்விட்சைச் சுவரிலேயே அணைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

இன்னொன்று வேண்டுமென்றால் 2015-ல் வந்த 'டிமான்ட்டி காலனி'. நான்கு இளைஞர்கள், ஒரு அறை, பாதிப் படம் அதற்குள்ளேயே. எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் இதை அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள். பேயை வைத்தே சிரிக்க வைக்கிற படங்கள் நிறைய வந்தன, அதில் சிலது எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்று ஓடிவிட்டது என்று வரிசையாக அதையே எடுத்ததில் பயம் என்ற ஒன்றே தமிழ்ப் பேய்ப் படங்களில் கொஞ்ச காலம் காணாமல் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: முந்தைய இதழில் 'மைக்கேல் மதன காமராஜன்' பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மாவுக்குக் காது கேட்காது. வசனத்திலேயே சிரிக்க வைக்கிற படத்தை நாங்கள் எப்படிச் சேர்ந்து பார்ப்பது? (வாசகர், வேலூர்)

நீங்கள் சொல்வது சரி, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. கிரேசி மோகன் வசனத்தில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று என்று ஓடும், காது கேட்பவர்களே இரண்டாவது முறை பார்த்தால்தான் பாதி பிடிபடும். கடிதத்தைப் படித்த உடனே எனக்கு அதே இயக்குநரின் இன்னொரு படம்தான் ஞாபகம் வந்தது. சிங்கீதம் சீனிவாச ராவ், 1987, 'பேசும் படம்'. அந்தப் பேரில் வந்தாலும் படத்தில் ஒரு வசனம் கிடையாது. வேலையில்லாத இளைஞன் கமல், குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கிற ஒரு பணக்காரரைத் தூக்கி வந்து தன் அறையில் கட்டிப் போட்டுவிட்டு, அவருடைய பெரிய ஓட்டல் அறையில் போய் அவர் வாழ்க்கையைக் கொஞ்ச நாள் வாழ்ந்து பார்க்கிறான். மேஜிக் நிபுணரின் மகளாக அமலா. ஐஸ் கத்தியோடு அலைகிற கொலைகாரனாக டின்னு ஆனந்த்.

அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் சைகையில் சொல்ல வேண்டியிருக்கும். சினிமா கொட்டகைக்குப் பக்கத்து லாட்ஜில் தினமும் அந்த இரைச்சலிலேயே தூங்கிப் பழகியவனுக்கு அந்தப் பெரிய ஓட்டலின் நிசப்தத்தில் தூக்கம் வராது. பழைய இடத்துக்குப் போய் கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து வந்து, அதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான். கடைசியில் அமலா தருகிற முகவரிச் சீட்டு காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறதே, அங்கே விளக்கம் எதுவும் வேண்டாம். அம்மா என்ன சொன்னார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: '96' படத்தை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்? ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எதுவுமே நடப்பதில்லை. (வாசகர், சேலம்)

எதுவும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன், என் மைத்துனரும் இதையேதான் சொல்வார். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஜானகி தேவி எல்லாப் பாட்டும் பாடுவாள், எஸ்.ஜானகி பேரை வைத்திருக்கிற பெண், பாடத்தானே செய்வாள். ராமச்சந்திரன் கேட்டது ஒரே ஒரு பாட்டு, 1991-ல் வந்த 'தளபதி'யின் 'யமுனை ஆற்றிலே'. அதை மட்டும் அவள் பாடியதே இல்லை. 22 வருஷம் கழித்து அவன் வீட்டில் கரண்ட் போகிறது. இருட்டு. அந்த இருட்டில், எந்த அறிவிப்பும் இல்லாமல், அவள் பாட ஆரம்பிக்கிறாள். பின்னணி வாத்தியம் கிடையாது, குரல் மட்டும். விஜய் சேதுபதி பதறி ஓடி வருகிறார். அந்தப் பதற்றத்தைப் பாருங்கள், பாட்டு முடிந்துவிடுமோ, விளக்கு வந்துவிடுமோ, ஒரு வரி தப்பிப் போய்விடுமோ என்று. கேட்பதற்காக ஒரு மனுஷன் அப்படி ஓடி வந்து நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. எனக்கு அது ஒரு கார் சண்டையை விடப் பெரிய நிகழ்ச்சி.

'96' எடுத்த அதே பிரேம்குமார் 2024-ல் 'மெய்யழகன்' எடுத்தார். அதுவும் ஒரு ராத்திரிதான். ஊரைவிட்டுப் போன அரவிந்த்சாமி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார், 'அத்தான் அத்தான்' என்று கூடவே ஒட்டிக்கொள்கிற கார்த்தி யார் என்றே அவருக்கு ஞாபகம் வரவில்லை. வெளியே சொல்லவும் முடியவில்லை. பேர் தெரியாத ஒருவனின் அன்பை வாங்கிக்கொண்டிருக்கிற குற்ற உணர்ச்சி அந்த முகத்தில் படம் முழுக்க இருக்கிறது. தான் விட்டுப்போன பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்துக்கு என்னவாக ஆனது என்று கார்த்தி சொல்லச் சொல்ல அரவிந்த்சாமி கேட்பாரே, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். படம் வெளியான பிறகு நீளம் என்று சொல்லி சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டவுடன் கிளம்பிவிட முடியுமா? கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத்தானே வருவோம், அந்தப் படத்துக்கு அந்தத் திண்ணை நேரம் தேவைப்பட்டது.

கேள்வி: என் பையனுக்கு 10 வயது. வருகிற பெரிய படமெல்லாம் வெட்டும் குத்துமாக இருக்கிறது. சண்டைப் படமே பிடிக்காது என்று அவனிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்? (தந்தை, மதுரை)

முதலில் சான்றிதழைப் பாருங்கள். இப்போது யு/ஏ-விலேயே 7+, 13+, 16+ என்று வயது வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். 'ஏ' என்றால் 18 வயது ஆகாதவரை அழைத்துப்போகவே கூடாது, கூட அப்பா இருந்தாலும் சரி. முதல் நாள் முதல் காட்சி ஆசையில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் படங்களுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, இருட்டில் அந்தக் குழந்தை காதைப் பொத்திக்கொள்வதை நானே பக்கத்து சீட்டில் பார்த்திருக்கிறேன்.

சண்டைப் படம் எனக்கு நிறையப் பிடிக்கும். 2019-ல் வந்த 'கைதி'யை மூன்று முறை தியேட்டரில் பார்த்தேன். பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, ஒரே ராத்திரி, ஒரு லாரி. பத்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு, இதுவரை பார்க்காத மகளைப் பார்க்கப் போகிற அப்பா. சண்டைகளை விட எனக்கு நெஞ்சில் நிற்பது அவர் பிரியாணி சாப்பிடுகிற இடம்தான். வாளியோடு எடுத்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கை நிறைய அள்ளிச் சாப்பிடுவார். சிறையில் எத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு காட்சிக்கு அப்புறம் அந்த ஆள் யாரை அடித்தாலும் நாம் அவர் பக்கம்தான். ஏன் அடிக்கிறான் என்பது வயிற்றில் இறங்கிவிட்டால் ரத்தம் கொஞ்சம் போதும். அது இறங்காத படத்தில்தான் பக்கெட் பக்கெட்டாக ஊற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் பையனிடம் பொய் வேண்டாமே. எனக்குப் பிடிக்கும், உனக்கு 16 ஆனதும் இரண்டு பேரும் சேர்ந்து போவோம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அது வரைக்கும் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? (இன்னொரு தந்தை, தூத்துக்குடி)

மணிகண்டனின் 'காக்கா முட்டை', 2015. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. பீட்சா சாப்பிட ஆசைப்படுகிற இரண்டு பையன்கள், நோட்டீஸில் இருக்கிற படத்தைப் பார்த்தே தோசைக்கல்லில் பீட்சா செய்து தருகிற பாட்டி. பார்த்து முடித்ததும் உங்கள் வீட்டில் பீட்சா கேட்பார்கள், வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: கிராமத்தில் டென்னிஸ் பந்து, ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடுகிறவன் நான். 'லப்பர் பந்து' எங்கள் கதை மாதிரியே இருந்தது. உங்களுக்குப் பிடித்ததா? (வாசகர், ஜெயங்கொண்டம்)

ரொம்பவே பிடித்தது. விளையாட்டுப் படம் என்றால் கோப்பை, இந்திய அணி, கடைசிப் பந்தில் சிக்ஸர் என்று ஒரு வழி போட்டு வைத்திருந்தார்கள். இதில் ஊர்த் திடல், மைக்கில் ஒருவர் விடாமல் வர்ணனை, மனைவிக்குத் தெரியாமல் ஆடப் போகிற, கெத்து என்று பேர் கொண்ட நடுத்தர வயது ஆட்டக்காரர். அட்டகத்தி தினேஷ் அந்த நடையிலேயே பாத்திரத்தைக் கொண்டு வந்துவிட்டார். எந்த அணியில் யாரைச் சேர்ப்பார்கள், யாரை வெளியே உட்கார வைப்பார்கள் என்று சாதி திடலுக்குள் வருவதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள், மேடை போட்டுப் பேசாமல்.

கெத்து ஆட வரும்போது 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டு ஒலிக்கும் பாருங்கள், விஜயகாந்த் நடித்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு. விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்தார், படம் 2024 செப்டம்பரில் வந்தது. நான் பார்த்த தியேட்டரில் அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். அப்புறம் கெத்துவின் மனைவியாக வருகிற ஸ்வாசிகா. கணவன் ஒளித்து ஒளித்து ஆடுவதைத் தெரிந்துகொள்கிற நேரத்தில் அவர் முகத்தில் கோபத்துக்கு முன்னால் ஒரு ஏமாற்றம் வந்து போகும், அந்த ஏமாற்றம்தான் என்னைத் தொட்டது. மாமியார் மருமகள் என்றாலே சண்டை என்று பழகிவிட்ட நமக்கு, அந்த வீட்டு மாமியார் மருமகள் உறவும் புதுசு. உங்கள் ஊர் அணிக்கு என் வாழ்த்துகள்.

கேள்வி: 1954-லேயே பாட்டே இல்லாத தமிழ்ப் படம் வந்தது என்று என் தாத்தா சொல்கிறார். நிஜமா? (மாணவர், திண்டுக்கல்)

நிஜம்தான், தாத்தாவுக்கு என் வணக்கம். ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்', எஸ்.பாலசந்தர் இயக்கியது. ஆமாம், வீணை வித்வான் அதே பாலசந்தர்தான். இசையில் ஊறிய ஒருவர் பாட்டில்லாமல் படம் எடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீராது. 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்து விழுகிறார், அதுதான் ஆரம்பம்! யார் சுட்டது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, விசாரிக்கிற அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இங்கேயும் கேட்கிறவரைக் கவனியுங்கள். சிவாஜிக்கு அதில் தேசத் துரோகி வேடம், அதை ஏற்றுக்கொள்ள ஒரு பெரிய மனசு வேண்டும். வந்த காலத்தில் படம் பெரிதாக ஓடவில்லை.

கேள்வி: 'அன்பே சிவம்' தோற்றதற்கு யார் காரணம்? (வாசகி, நாகர்கோவில்)

2003 பொங்கலுக்கு வந்தது. கரும்பும் சட்டையுமாகக் குடும்பத்தோடு தியேட்டருக்கு வந்த ஜனம், முகமெல்லாம் தழும்போடு ஒருவர் கடவுள், மனிதன் என்று பேசுவதைக் கேட்கிற மனநிலையில் அன்றைக்கு இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவர்களில் நானும் ஒருவன், அந்தப் பொங்கலுக்கு 'தூள்' பார்க்கத்தான் போனேன். அப்புறம் டிவியில் பார்த்தேன். கமலின் பேச்சை எரிச்சலோடு கேட்க ஆரம்பிக்கிற மாதவன், கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் கரைந்து நிஜமாகவே கேட்க ஆரம்பிக்கிறார். ஜனமும் அதே மாதிரி மெதுவாகத்தான் அந்தப் படத்திடம் வந்து சேர்ந்தது.

கேள்வி: வீட்டில் 55 இன்ச் டிவி இருக்கிறது. இனி தியேட்டர் எதற்கு? (வாசகர், ஓசூர்)

எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். கீற்றுக் கொட்டகை, மணல் தரை. சாயங்காலம் கொட்டகை உச்சியில் கட்டிய குழாயில் சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு அம்மா கிளம்பிவிடுவார். ஒரே புரொஜெக்டர்தான், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள், அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. முறுக்கு, கடலை, சோடா. மணலைக் குவித்து உயரமாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் முதுகில் தட்டிக் கலைக்கச் சொல்வார். அங்கேதான் 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தேன். அது 1968-ல் வந்த படம், எங்கள் கொட்டகைக்கு எத்தனையாவது முறை வந்ததோ. அடிபட்ட கையோடு சிவாஜி வாசிக்க, பத்மினி 'நலந்தானா' என்று ஆடிக்கொண்டே கேட்கிற இடத்தில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். திரையைப் பார்த்த நேரத்தை விட அவரைப் பார்த்த நேரம் அதிகம். 55 இன்ச்சில் படம் தெரியும், அவர் தெரிய மாட்டார்.

கேள்வி: சினிமா பார்த்து உங்கள் வீட்டில் எதையாவது மாற்றியிருக்கிறீர்களா? (வாசகி, பொள்ளாச்சி)

நான் மாற்றவில்லை, அப்பா மாற்றினார். பாலுமகேந்திராவின் 'வீடு', 1988-ல் வந்தது, அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், இருக்கிற கொஞ்சப் பணத்தில் சொந்த வீடு கட்ட ஆரம்பிக்கிற சுதா, அவளுடைய தாத்தா, தங்கை. இதிலும் பாட்டு கிடையாது. காண்டிராக்டர் சிமென்ட்டைத் திருடுகிறான் என்று சித்தாள் மங்கம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வரும். தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டை அந்தக் கிழவர் தனியாக பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார். கதவில்லை, தளம் காயவில்லை, ஆனாலும் அவருக்கு அது அரண்மனை. அதற்கப்புறம் அவர் ரொம்ப நேரம் உயிரோடு இருப்பதில்லை.

டிவியில் அந்தப் படம் போட்ட சமயம் எங்கள் அப்பாவும் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார், லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து வேலை நின்றிருந்தது. படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தா சுவரைத் தடவுகிற இடத்தில் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார், அப்பா ஈஸிசேரில் அப்படியே அசையாமல் இருந்தார். படம் முடிந்தது, எழுந்து போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் விடிவதற்கு முன்னால் சைக்கிள் எடுக்கிற சத்தம் கேட்டது. ஏழு மணிக்குத் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். வாங்கின சிமென்ட் மூட்டை எத்தனை, அங்கே இருப்பது எத்தனை என்று எழுதியிருந்தது. ஒன்பது மூட்டை குறைந்தது.